சிக்னல் ஆப்: ஒரு வருஷத்துக்கு மேல பாவிச்ச பிறகு, இலங்கை மலையகத்து பொகவந்தலாவையிலருந்து

எங்க தம்பியோட அடையாள அட்டை ஃபோட்டோ, அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்குற மலையோட கங்காணி ஃபோனுக்கு வந்த அன்னிக்கு ராத்திரிதான் நான் இந்த ஆப்ப இறக்கினேன், அதனால அந்தக் கதைய மொதல்ல சொல்லாம ஆப்ப பத்தி என்னால எழுத முடியாது.

தம்பி கொழும்புல புறக்கோட்டைப் பக்கம் ஒரு துணிக்கடையில நிக்கிறான். 2024 தீபாவளிக்கு வீட்டுக்கு வர கையில காசு பத்தல, ஃபோன்ல விளம்பரம் பாத்து ஒரு கடன் ஆப்ல 15,000 ரூபா கேட்டிருக்கான். அந்த ஆப் பேர் எழுதல, அதே மாதிரி நெறைய சுத்துது. கைக்கு வந்தது 10,000 சொச்சம், மிச்சத்த கட்டணம்னு சொல்லி மொதல்லயே வெட்டிட்டாங்க, ஆனா ஏழு நாள்ல முழு 15,000மும் கட்டணுமாம். ஆப்ப போடும்போதே கொண்டாக்ட் பாக்க விடவா ஃபோட்டோ பாக்க விடவா மெசேஜ் பாக்க விடவான்னு ஒண்ணொண்ணா கேட்டிருக்கு, இவன் எல்லாத்துக்கும் ஓகே ஓகேன்னு அமத்திக்கிட்டே போயிருக்கான், அமத்தாட்டி காசு வராதே. எட்டாவது நாள் அவன் ஃபோன்ல இருந்த நம்பருக்கெல்லாம் மெசேஜ் போச்சு. கடை முதலாளிக்கு, கூடப் படிச்ச பிள்ளைங்களுக்கு, எனக்கு, கங்காணிக்கு. அட்டையோட ரெண்டு பக்கமும், பக்கத்துல இவன் மூஞ்சி, கீழ இவன் கள்ளன்னு சிங்களத்துல. கங்காணி நல்ல மனுஷன், கொழுந்து நிறுத்து முடிஞ்சு எல்லாரும் போன பிறகுதான் அம்மாவ தனியா கூப்பிட்டு காட்டிருக்கார். அம்மா வீட்டுக்கு வந்து தலையில மாட்டின கூடையக்கூட இறக்காம இஸ்தோப்புல உக்காந்து அழுதாங்க.

கடனக் கட்டிட்டோம். பொலிஸ்ல முறைப்பாடும் போட்டோம். ஆனா அந்த நம்பர் லிஸ்ட் இன்னும் எவன் கையிலயோ இருக்கு, அத திருப்பிக் குடுன்னு கேக்க ஒரு கதவு கிடையாது. அதுதான் என் தூக்கத்த கெடுத்துச்சு.

எங்க சனத்துக்கு, இந்தியாவுலருந்து தோட்ட வேலைக்கு வந்த மலையகத் தமிழாளுங்களுக்கு, லிஸ்ட், பதிவு, இடாப்பு இதெல்லாம் லேசான சொல் இல்லங்க. தாத்தாவோட தகரப்பெட்டி ஒண்ணு இப்பயும் காம்பராவுல கட்டிலுக்குக் கீழ இருக்கு, உள்ள பிறப்பு அத்தாட்சி, தோட்டத்துச் சீட்டு, மஞ்சளாப் போன விண்ணப்பக் கொப்பி. 1948ல 18ஆம் இலக்க பிரஜாவுரிமைச் சட்டம் வந்து ஒரே அடியில நம்ம ஆளுங்கள நாடில்லாதவங்களா ஆக்கிச்சு, அடுத்த வருஷம் இன்னொரு சட்டம் கொண்டு வந்து விண்ணப்பம் போடுங்கன்னாங்க, 1946 ஜனவரி 1க்கு முந்தி தொடர்ச்சியா ஏழு வருஷம் இங்கதான் இருந்தேன்னு கலியாணம் கட்டினவன் காட்டணும், கட்டாதவன் பத்து வருஷம் காட்டணும். மலையில வேல செஞ்ச மனுஷன் அதுக்கு எங்க போய் தாள் தேடுவான்? தாத்தாவோட விண்ணப்பம் தள்ளுபடி. பிறகு 1964 அக்டோபர்ல ரெண்டு நாட்டுப் பிரதமர்களும் செஞ்ச சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்க, மிச்சம் 150,000 பேர பிறகு பாத்துக்கலாம்னு ஆட்டு மந்தை மாதிரி பிரிச்சாங்க. தாத்தாவோட தம்பி ஒப்பந்தத்துல போனார், தலைமன்னாருக்கு கோச்சி (ரயில்), அங்கருந்து ராமானுஜம் கப்பல். அந்தக் கோச்சிக்கு அழுகைக் கோச்சின்னே பேர். கடைசியா மிஞ்சிக் கிடந்தவங்களுக்கு 2003ல 35ஆம் இலக்கச் சட்டம் வந்துதான் விடிஞ்சுது. இந்தப் பக்கம் தோட்டத்துல செக்ரோல், வேலைக்கு வந்தவங்க பேர் பதியிற இடாப்பு. அதுல பேர் விழுந்தாதான் அன்னிக்கு சம்பளம், கொழுந்து கொறஞ்சா அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்.

அதனால எந்தக் கம்பெனியாவது உங்க தகவல் எங்ககிட்ட பத்திரமா இருக்குன்னு சொன்னா எனக்கு மொதல்ல வர்ற கேள்வி, ஏன் உங்ககிட்ட இருக்கணும்ங்கிறதுதான். இந்த ரிவியூ முழுக்க நான் அந்த ஒரு கேள்விய வச்சுத்தான் பாக்குறேன், ஸ்டிக்கர் எத்தன இருக்கு, கலர் எப்படின்னு பாக்கல.

சரி, ஆப்புக்கு வர்றேன். சிக்னல் வாட்ஸ்அப் மாதிரியேதான், மெசேஜ், கோல், வீடியோ, குரூப், வொய்ஸ் நோட் எல்லாம் இருக்கு, காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. ஆண்ட்ராய்ட் ஃபோன்ல தமிழ்லயே பாவிக்கலாம், அம்மாவுக்கு அது பெரிய உதவி. நடத்துறது லாபத்துக்காக இல்லாத ஒரு அமைப்பு, சிக்னல் ஃபவுண்டேஷன்னு 2018ல தொடங்கினது. அதுக்கு மொதல்ல 50 மில்லியன் டொலர் போட்டவர் பிரையன் அக்டன், வாட்ஸ்அப்ப உண்டாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தர். 2014ல பேஸ்புக் 19 பில்லியன் டொலருக்கு வாட்ஸ்அப்ப வாங்கிச்சே, அந்த ஆளேதான், பிறகு 2017ல அங்கருந்து வெளிய வந்துட்டார். தான் கட்டின வீட்ட வித்துட்டு, கொஞ்ச நாள் அதுலயே இருந்து பாத்துட்டு, வெளிய வந்து வேற வீட்டுக்கு அத்திவாரம் போட்ட மாதிரி. எனக்கு அது ஒரு சாட்சியா பட்டுச்சு.

இங்க ஒரு விஷயத்த நேர்மையா சொல்லணும், ஏன்னா இந்த மாதிரி பேச்சு வந்தா எங்க பக்கம் வாட்ஸ்அப்ல நாம பேசுறத எல்லாம் கம்பெனிக்காரன் ஒக்காந்து வாசிக்கிறான்னு அடிச்சு விடுறாங்க. அது சரியில்ல. வாட்ஸ்அப் மெசேஜ்ஜும் பூட்டுப் போட்டுத்தான் போகுது, 2016லருந்து அதுல இருக்கிற பூட்டே சிக்னல்காரங்க செஞ்ச பூட்டுதான். வித்தியாசம் கடிதத்துல இல்ல, கவர்ல. யார் யாருக்கு அனுப்புறாங்க, எத்தன மணிக்கு, எந்தக் குரூப்ல இருக்காங்க, எந்த ஃபோன், எந்த நெட்வேர்க், இந்த மாதிரி கவர் மேல இருக்கிற விஷயங்கள வச்சே ஒரு ஆளோட சீவியத்த சொல்லிடலாம். ஒரு பொண்ணு ராத்திரி பதினொரு மணிக்கு மகப்பேறு கிளினிக் நம்பருக்கு பேசிட்டு உடனே அக்காவுக்கு பேசினான்னா, பேசினது என்னன்னு தெரியாட்டியும் விளங்குமா விளங்காதா? 2021 ஜனவரில வாட்ஸ்அப் புது விதிமுறைய ஒத்துக்கிட்டே ஆகணும்னு எல்லார் ஃபோனுக்கும் அறிவிச்சப்போ உலகம் முழுக்க சனம் சிக்னலுக்கு ஓடிச்சு, அந்த நெருக்கடியில சிக்னலே ஒரு நாள் விழுந்து கிடந்துச்சு. அப்ப நான் ஓடல. எனக்கு தம்பி விஷயம் நடக்கணும்னு இருந்திருக்கு.

சிக்னல்காரங்ககிட்ட என்ன இருக்குங்கிறதுக்கு வெறும் பேச்சு இல்லாம ஒரு ருசு இருக்கு. 2016ல அமெரிக்காவுல வெர்ஜினியா பக்கம் ஒரு வழக்குல ரெண்டு நம்பரோட விவரம் எல்லாம் குடுன்னு அவங்களுக்கு உத்தரவு வந்துச்சு. அதுல ஒரு நம்பருக்குத்தான் கணக்கே இருந்துச்சு. அதுக்கு அவங்களால குடுக்க முடிஞ்சது ரெண்டே விஷயம், கணக்கு தொடங்கின நேரம், கடைசியா தொடர்பு வந்த நேரம். கொண்டாக்ட் லிஸ்ட் இல்ல, குரூப் பேர் இல்ல, யாரோட பேசினாங்கன்னு இல்ல. ஒளிச்சு வைக்கல, இல்லவே இல்ல. இத வாசிச்சப்போ எனக்கு அந்தக் கடன் ஆப் ஞாபகம்தான் வந்துச்சு, அது தம்பியோட மொத்த சொந்தபந்தத்தையும் ரெண்டு நிமிஷத்துல அள்ளிட்டுப் போச்சே.

இன்னொண்ணு, ஆப்புக்கு அவங்க எழுதின புரோகிராம் கோட் எல்லாரும் பாக்குற மாதிரி திறந்து கிடக்கு. எனக்கு அத வாசிக்கத் தெரியாது. ஆனா அம்மா கொழுந்து நிறுக்குற இடத்துல நின்னு பாத்தவளுக்கு அதோட பெறுமதி தெரியும். தராசு முள்ளு எங்க நிக்குதுன்னு பெண்டுகள் எட்டிப் பாக்குறத நீங்க பாத்திருக்கணும், ஈரத்துக்கு ரெண்டு கிலோ சாக்குக்கு ஒரு கிலோன்னு கழிக்கிறப்போ எல்லாரும் முள்ளப் பாக்குறதில்ல, கண்ணு தெரிஞ்ச ஒரு அக்கா பாத்தா போதும், நிறுக்குறவர் கை நேரா இருக்கும். முள்ளத் துணி போட்டு மூடி வச்சுட்டு என்னை நம்புன்னு சொல்ற தராசுக்காரன எங்க மலையில யாரும் நம்ப மாட்டாங்க. ஃபோன்ல மட்டும் ஏன் நம்பிக்கிட்டு இருக்கோம்னு எனக்கு அப்பதான் உறைச்சுது.

இனி கவர்மெண்ட் பக்கம். இந்த ஆப்ப நான் கம்பெனிக்குப் பயந்து போட்டேன், ஆனா பாவிக்கப் பாவிக்க மத்தப் பயமும் சேந்து வந்துச்சு.

2018 மார்ச்ல கண்டி மாவட்டத்துல திகன, தெல்தெனிய பக்கம் முஸ்லிம் ஆளுங்களோட கடையும் வீடும் பள்ளிவாசலும் எரிஞ்சப்போ நான் கண்டியில போர்டிங்ல இருந்து கோர்ஸ் படிச்சுக்கிட்டு இருந்தேன். எங்க அறையில கூட இருந்த பிள்ள கண்டிக்குப் பக்கத்து அக்குறணைக்காரி, முஸ்லிம் பிள்ள. பேஸ்புக்ல சிங்களத்துல எழுதின வெறுப்பு போஸ்ட்டுகள வருஷக்கணக்கா எத்தனையோ பேர் ரிப்போர்ட் பண்ணியும் கம்பெனி அசையல. 7ஆம் திகதி கவர்மெண்ட் பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், வைபர் எல்லாத்தையும் நிறுத்திச்சு, ஒரு வாரம் கிட்ட. ஊரடங்கு, பஸ் இல்ல, அந்தப் பிள்ளைக்கு வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியல, அவங்க வீட்டு ஆளுங்க வாட்ஸ்அப்ல மட்டும்தான் இருந்தாங்க, ரீலோட் முடிஞ்ச ஃபோன கையில வச்சுக்கிட்டு கட்டில்ல சுருண்டு கிடந்தா. கம்பெனிக்காரன் தீ எரியிறத பாத்துக்கிட்டு நின்னான், கவர்மெண்ட் வந்து எல்லார் வீட்டுக் கதவையும் வெளிய இருந்து பூட்டிச்சு. பேஸ்புக் அதுக்கு மன்னிப்பு கேட்டது 2020 மே மாசத்துல. ரெண்டு வருஷம் கழிச்சு.

2019ல ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும் அப்படியே மூடினாங்க. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, கேஸ் இல்ல எண்ணெய் இல்ல கரண்ட் இல்லன்னு சனம் ரோட்டுக்கு இறங்க இருந்த அன்னிக்கு திரும்பவும் மூடினாங்க, அன்னிக்கு அமைச்சரா இருந்த நாமல் ராஜபக்சவே தான் விபிஎன் (தடையச் சுத்திப் போற வழி) போட்டுத்தான் எழுதுறேன்னும், விபிஎன் இருக்கையில இந்தத் தடையால பிரயோசனம் இல்லன்னும் ட்விட்டர்ல போட்டார். அன்னிக்கே திறக்க வேண்டி வந்துச்சு. பிறகு 2024ல 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். ஜனாதிபதி நியமிக்கிற அஞ்சு பேர் கொண்ட ஒரு ஆணைக்குழு, எது பொய்யான கூற்றுன்னு அவங்க தீர்மானிப்பாங்க, இத எடு அத மூடுன்னு சொல்லுவாங்க. பொண்ணுங்கட ஃபோட்டோவ கண்டபடி போடுறவங்கள பிடிக்க ஒரு சட்டம் வேணும்னு நானும் நினைக்கிறேன், தம்பிக்கு நடந்ததுக்கும் வேணும். ஆனா எது பொய்ங்கிற தீர்ப்ப மேல இருக்கிறவங்க நியமிச்ச ஆளுங்க கையில குடுத்தா அது மொதல்ல தோட்டத்துல லயம் (தொழிலாளிங்க இருக்கிற வரிசை வீடு) இடிஞ்சு விழுந்த ஃபோட்டோ போட்டவன் மேலதான் பாயும்னு எனக்குப் பயம்.

இது நம்ம நாட்டுல மட்டும் இல்ல. சின்ன தாத்தாவோட பேரப்பிள்ளைங்க தமிழ்நாட்டுல கோத்தகிரியில இருக்காங்க, அங்க கவர்மெண்ட் தேயிலைக் கம்பெனியான டேன்டீயில வேல செஞ்ச குடும்பம். அவங்களுக்கும் எங்களுக்கும் நடுவுல அம்பது வருஷமா கடிதம் கூட ஒழுங்கா இல்லாம இருந்து, டிக்டொக்ல ஒரு பிள்ளையோட வீடியோவ பாத்துத்தான் திரும்ப ஒட்டிக்கிட்டோம், அந்தப் பிள்ள அவங்க பாட்டியோட சிலோன் கதைய சொல்லிக்கிட்டு இருந்தா. 2020 ஜூன் 29ஆம் திகதி இந்தியா டிக்டொக்கோட சேத்து 59 சைனா ஆப்ப தடை பண்ணிச்சு. நல்ல வேளை நம்பர் வாங்கி வச்சிருந்தேன். 2024 ஏப்ரல்ல சைனாவுல கவர்மெண்ட் கேட்டுச்சுன்னு ஆப்பிள் கம்பெனி வாட்ஸ்அப்பையும் சிக்னலையும் தன்னோட கடையிலருந்து தூக்கிடுச்சு. கம்பெனியும் கவர்மெண்ட்டும் எதிரெதிர்ல நிக்கிறாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், தேவைப்பட்டா ரெண்டு பேரும் ஒரே மேசையில ஒக்காந்துடுறாங்க.

அக்கா டுபாயில வீட்டு வேலைக்கு இருக்கா. அங்க வாட்ஸ்அப்ல மெசேஜ் போகும், கோல் போகாது, லைசன்ஸ் எடுத்த ஆப்புகள்ல மட்டும்தான் கோல் பேச விடுவாங்க, அதுல சிலதுக்கு மாசாமாசம் காசு கட்டணும். அவளுக்கு விபிஎன் போட்டு விடுன்னு தம்பி சொன்னான், நான் கண்டிப்பா வேணாம்னுட்டேன், அந்த நாட்டுல விபிஎன்ன வச்சு சட்டத்த மீறினா அபராதமே 5 லட்சம் திர்ஹம்லருந்துதான் தொடங்குது. வேலைக்கு வச்சிருக்கிற மேடத்தோட வைஃபை, மேடத்தோட வீடு, பாஸ்போர்ட்டும் மேடத்தோட அலுமாரியில. அவள இதுக்குள்ள இழுக்க எனக்கு மனசு வரல, அவ வாட்ஸ்அப்லயே வொய்ஸ் நோட் போடட்டும். இத ஏன் எழுதுறேன்னா, சில பேர் வாட்ஸ்அப்ப அழிச்சிட்டு வாங்கன்னு மத்தவங்கள திட்டுறாங்க, ஒவ்வொருத்தர் நிக்கிற இடம் வேற.

சிக்னல தடை பண்ணினா என்ன செய்யலாம்னு கேட்டீங்கன்னா, 2021ல ஈரான்ல நிறுத்தினப்போ அவங்க ப்ரொக்ஸின்னு ஒரு வழி வச்சாங்க, வேற நாட்டுல இருக்கிற ஒருத்தர் சேர்வர் வச்சு லிங்க் அனுப்பினா அந்த வழியா போய்க்கலாம். நான் இன்னும் அத பாவிக்க வேண்டி வரல. செட்டிங்ஸ்ல எங்க இருக்குன்னு மட்டும் பாத்து வச்சிருக்கேன்.

இப்ப குறைகள். இதத்தான் விரிவா எழுதணும்னு நெனச்சேன், ஏன்னா நல்லது சொல்லி ஆப்ப போட வச்சிட்டு பிறகு மாட்டிக்கிட்டு நிக்க விடக்கூடாது.

மொத குறை டேட்டா. அம்மா மாதிரி ஆளுங்க போடுறது சின்ன ரீலோட், அதுல வாட்ஸ்அப்புக்கும் பேஸ்புக்குக்கும்னே விக்கிற பேக்கேஜ். அதுல மத்த ரெண்டும் ஓடும், சிக்னல் ஓடாது, சிக்னலுக்கு சாதா டேட்டா வெட்டும். ஒரு நாள் அம்மா தம்பியோட வீடியோ கோல்ல இருபது நிமிஷம் பேசிட்டு மிச்சம் இருந்த டேட்டா முழுக்கப் போய், அடுத்த மூணு நாள் மெசேஜ்கூட இல்லாம இருந்தாங்க. இத எந்தச் சட்டமும் தடை பண்ணல, ஆனா காசில்லாதவனுக்கு இது தடைதான். கவர்மெண்ட் பூட்டுற கதவ பத்தி எல்லாரும் கத்துறோம், பேக்கேஜால மூடிக் கிடக்கிற கதவ பத்தி யாரும் வாய் திறக்கிறதில்ல.

ரெண்டாவது, நம்பர் குடுக்காம கணக்கு தொடங்க ஏலாது. 2024லருந்து யூசர்நேம் வச்சுக்கிட்டு நம்பர மத்தவங்களுக்கு மறைக்கலாம், நான் அப்படித்தான் டியூஷன் பிள்ளைங்கட அப்பா அம்மாவோட பேசுறேன், நல்லா இருக்கு. ஆனா கணக்கு தொடங்க நம்பர் வேணும், நம்ம நாட்டுல சிம் எடுக்க அடையாள அட்டை வேணும், ஆக நூல் எங்கயோ போய் அந்த அட்டையிலதான் முடியுது.

மூணாவது, பழைய மெசேஜ். சிக்னல் மெசேஜ் எல்லாம் நம்ம ஃபோன்ல மட்டும்தான் இருக்கும், அதுதான் அதோட பலம், ஃபோன் பீலித் தண்ணியில விழுந்தா அதுதான் அதோட பலவீனமும். 2025ல பூட்டுப் போட்டு அவங்க சேர்வர்லயே வைக்கிற பேக்கப் ஒண்ணு கொண்டு வந்திருக்காங்க, எழுத்து மெசேஜ்ஜுக்கு இலவசம், ஃபோட்டோ வீடியோ 45 நாளுக்கு மேல வேணும்னா மாசம் ரெண்டு டொலர் கிட்ட. ஆண்ட்ராய்ட்ல ஃபோனுக்குள்ளயே பேக்கப் எடுக்கிற பழைய வழியும் இருக்கு, நான் அதத்தான் செய்றேன், அதப் பத்தி கடைசில சொல்றேன்.

நாலாவது ஒண்ணு, இத குறைன்னு ஆப் மேல போட முடியாது, ஆனா தெரிஞ்சுக்கங்க. 2024ல 1,700 ரூபா நாள் சம்பளக் கதை ஓடிக்கிட்டு இருந்தப்போ எங்க டிவிஷன் பெண்டுகள் வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு வச்சிருந்தாங்க, காலையில பேர் பதியிற பிரட்டுக்களத்துல வேலைக்கு இறங்காம நிக்கிறதப் பத்தி பேசின மெசேஜ் ஸ்க்ரீன்ஷொட்டா தோட்டத்து ஒஃபிஸுக்குப் போயிடுச்சு, ரெண்டு பேர கூப்பிட்டு விசாரிச்சாங்க. உடனே எல்லாரும் வாட்ஸ்அப் காட்டிக் குடுத்துடுச்சுன்னாங்க. வாட்ஸ்அப் இல்லங்க, குரூப்ல இருந்த யாரோ ஒருத்தர். நான் சிக்னல் போட்ட பிறகு அந்தப் பெண்டுகள்ல ஆறு பேர அதுக்கு மாத்தினேன், ஒரு வாரத்துல மெசேஜ் தானா அழியிற மாதிரி வச்சேன், ஆனாலும் ஆரம்பத்துலயே சொல்லிட்டேன், அக்கா இது தபால்காரன் கிட்டயிருந்துதான் காப்பாத்தும், வாங்கி வாசிக்கிற ஆளு கிட்டயிருந்து காப்பாத்தாதுன்னு. அதுல ஒரு அக்கா, அப்ப யார சேக்குறோம்ங்கிறதுதான முக்கியம்னு கேட்டாங்க. ஆமா. அந்த ஆறுல ஒருத்தர நாங்களே பேசி பிறகு சேக்காம விட்டோம், அது கஷ்டமான பேச்சு, இங்க எழுதல.

2025 நவம்பர் கடைசில டித்வா புயல் அடிச்சப்போ இந்த ஆப்போட எல்லை எனக்கு நல்லா விளங்கிடுச்சு. எங்க பக்கம் டவர் விழுந்து, கரண்ட் போயி, ரோடு மண்ணுக்குள்ள, எந்த ஆப்பும் வேல செய்யல. ஒரு கோடு ரெண்டு கோடு டவர் வந்தப்போ சனம் எங்க இருந்துச்சுன்னா வாட்ஸ்அப்ல. மண்சரிவு எச்சரிக்க, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட அறிவிப்பு, எந்தப் பாடசாலையில முகாம், எந்த லயம் காலி பண்ணணும், யாரக் காணோம், எல்லாம் வாட்ஸ்அப் குரூப்ல சுத்திச்சு. சிக்னல்ல எனக்கு இருந்தது பதினொரு பேர், அதுல ஒருத்தர்கூட தகவல் தெரிஞ்ச ஆள் இல்ல. நான் வாட்ஸ்அப்ப அழிக்காம வச்சிருந்ததுக்கு அன்னிக்கு கையெடுத்துக் கும்பிட்டேன். நம்பாத கம்பெனிய விட்டு வெளிய போக முடியாதபடி எங்க உயிரே அதுக்குள்ள சுத்துதுங்கிறது எனக்கு ஆறாத கோபம். கவர்மெண்ட் எச்சரிக்க குடுக்க தன்னோட சொந்த வழிய ஒழுங்கா, தமிழ்லயும், நேரத்துக்கு வச்சிருந்தா சனம் ஏன் ஒரு அமெரிக்கக் கம்பெனி குரூப்ல தொங்கணும்?

அம்மாவுக்கு எப்படிப் போட்டுக் குடுத்தேன்னு கொஞ்சம் சொல்றேன், வயசானவங்களுக்கு போடுறவங்களுக்கு உதவும். மொதல்ல பேரச் சொன்னதும், சிக்னலா, அது மேல் மலைக்கு ஏறினாத்தான கிடைக்கும் புள்ளைன்னாங்க, டவர நெனச்சு. பிறகு லொக். கைரேகை வைக்கலாம்னு பாத்தா அம்மாவோட விரல் ஃபோனுக்கு ஏறல. முப்பத்தொரு வருஷம் கொழுந்து கிள்ளின விரல், பெருவிரலும் ஆள்காட்டியும் கறை ஏறி கறுத்து, வெடிப்பு வெடிப்பா, ரேகையே தேய்ஞ்சு கிடக்கு. துடைச்சு, எண்ணெய் வச்சு, வெந்நீர்ல ஊற வச்சு, ஏழு தடவ பாத்தேன். எடுக்கல. அந்த விரலப் பிடிச்சுக்கிட்டு இருந்த நேரம் எனக்கு வேற எதுவுமே ஓடல. சரி பின் நம்பர் வைப்போம், ஒரு நம்பர் சொல்லுங்கம்மான்னேன், யோசிக்காம தன்னோட செக்ரோல் நம்பரச் சொன்னாங்க. அம்மா அது கணக்கப்பிள்ளையிலருந்து எல்லாருக்கும் தெரிஞ்ச நம்பர்மான்னேன். கொஞ்ச நேரம் அடுப்பப் பாத்துக்கிட்டு இருந்துட்டு வேற ஒண்ண காதுல சொன்னாங்க. அது என்ன நம்பர்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். சிக்னல் அந்த நம்பர மறக்காம இருக்க இடைக்கிடை கேக்கும், அது தொல்லைன்னு சில பேர் சொல்றாங்க, அம்மாவுக்கு அது நல்லதா இருக்கு, ஒவ்வொரு தடவையும் சரியா போட்டுட்டு என்னப் பாப்பாங்க.

கோல் தரம் நல்லா இருக்கு, டவர் மெலிஞ்ச நேரத்துலயும் குரல் வெட்டாம வந்துச்சு. ஃபோட்டோ அனுப்ப கொஞ்சம் லேட் ஆகுது, எங்க பக்கத்து நெட் அப்படி. தெரியாத ஆள் மெசேஜ் போட்டா ஏத்துக்கவா வேணாமான்னு மொதல்ல கேக்கும், பொண்ணுங்களுக்கு இது பெரிய நிம்மதி. கொண்டாக்ட் பாக்க விடாட்டியும் ஆப் வேல செய்யும், கோச்சுக்கிட்டு நிக்காது, தம்பிக்கு நான் மொதல்ல காட்டினது அதுதான்.

ஸ்டார் குடுக்கணும்னா அஞ்சுக்கு நாலு. கொறச்ச ஒண்ணு டேட்டா பேக்கேஜுக்கு, அது ஆப்போட பிழை இல்லன்னாலும் பாவிக்கிறவங்க கைதான சுடுது. கணக்கு தொடங்க நம்பர் வேணாம்னு ஆக்கினாங்கன்னா நான் திரும்ப வந்து மாத்தி எழுதுவேன்.

கடைசில சொல்றேன்னு சொன்ன பேக்கப் விஷயம். தம்பியோட சாட்லயும் ஒரு வாரத்துல அழியிற மாதிரித்தான் மொதல்ல வச்சிருந்தேன், பாதுகாப்புன்னு. ரெண்டு வாரம் கழிச்சு அம்மா ஃபோன எடுத்துக்கிட்டு வந்து, புள்ள, தம்பி அன்னிக்கு பாட்டுப் பாடி அனுப்பினானே, அது எங்க போச்சுன்னு கேட்டாங்க. அழிஞ்சுடுச்சும்மான்னேன். யார் அழிச்சான்னு கேட்டாங்க. எனக்கு பதில் சொல்ல வரல. யார் வச்சிருக்கக் கூடாதுன்னு பாத்துக்கிட்டே இருந்தவ, யார் வச்சிருக்கணும்ங்கிறத யோசிக்கவே இல்ல. அந்தச் சாட்டுக்கு மட்டும் அழியிறத ஒஃப் பண்ணிட்டேன். இப்ப மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை அம்மாவோட ஃபோன்ல பேக்கப் எடுத்து ஒரு சின்ன மெமரி கார்ட்ல போடுறேன். அத திறக்க ஆப் 30 இலக்கத்துல ஒரு நம்பர் குடுத்துச்சு, அது தொலைஞ்சா சிக்னல்காரங்களாலயும் திறக்க ஏலாது. அந்த முப்பதையும் அப்பியாசக் கொப்பித் தாள்ல ரெண்டு தடவ சரி பாத்து எழுதி, கார்டையும் தாளையும் ஒரு பொலித்தீன்ல சுத்தி, அம்மா கையாலயே தாத்தாவோட தகரப்பெட்டியில, அந்தத் தள்ளுபடியான விண்ணப்பத்துக்கு மேல வச்சிருக்கோம்.